வீட்டிசைக் கருவி: திருத்துவதா, மாற்றுவதா?

கடல் கடந்து வாழும் எமது பழைய மாணவர் சிலர் அண்மைக் காலத்தில் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களால் எம்மிடம் வினவியுள்ளனர். நிலாவெளியிலுள்ள பெற்றோர் வீட்டிலே பழைய இசைக்கருவி ஒன்று இருக்கின்றது. விரியலாக்கி ஒன்று, அதன் இரு பக்கத்தும் மரப்பெட்டி ஒலிபெருக்கிகள் இரண்டு, ரேப் ஒன்று. சில வீடுகளில் இசைத்தட்டுச் சுழலியும் உண்டு. அதனைக் கழித்துவிட்டு, விரியலாக்கியைத் தன் வயிற்றினுள்ளேயே கொண்டுள்ள ‘அக்டிவ்’ ஒலிபெருக்கிச் சோடி ஒன்றை வாங்கி அனுப்பிவிடலாமா? அன்றேல், பழையதையே சீர்செய்து ஒவ்வோர் உறுப்பாக உயர்த்திக்கொண்டு போவது தக்கதா?

அதிபர்களின் தொண்டையும் ஆசிரியர்களின் தகைமையையும் போற்ற வேண்டிய விழா மலரிலே ஒலிபெருக்கியைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும், எமது ஊர் வீடுகளில் அக்கருவி வெறும் தட்டுமுட்டுப் பொருளன்று. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்த பின்னரும், மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் மீண்டு வந்த காலத்திலும் வந்து சேர்ந்த ஜப்பானியக் கருவிகளே அவற்றுட் பல. 1983இலும் 1990இலும் மக்கள் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளில் அவை கைவிடப்பட்டன. 2004 டிசெம்பர் 26இற் கடல் பொங்கி வந்தபோது கரையோரத்து வீடுகளில் எஞ்சியிருந்தனவும் போயின. இத்தனைக்கும் தப்பி இன்று ஒரு முன்விறாந்தையில் ஒன்று இருக்கின்றதெனின், அதனைக் கழிப்பதற்கு முன் இருமுறை சிந்திப்பது தகும் என்பதே எமது கட்சி.

இவ்விரு முறைகளுள் எது பழையது, எது புதியது என்பதிலேயே ஒரு மயக்கம் உண்டு. இன்று வழங்கும் இயங்குசுருள் ஒலிபெருக்கியை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர் 1925இல் விளக்கி வெளியிட்டனர். அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதனை இயக்கும் விரியலாக்கியையும் அதே பேழையினுள் வைத்தே விற்றது. ஆகவே பெட்டிக்குள் விரியலாக்கியை வைத்தல் நேற்றுத் தோன்றிய புதுமையன்று. அதே 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16இலேதான் கொழும்பு வானொலியும் தொடங்கிற்று. அதற்கு முன்னோடியாக எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர் நடத்திய பரிசோதனை ஒலிபரப்பில், முதலாம் உலகப் போரிற் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகள் பயன்பட்டன என்பர். காலச் சக்கரம் சுழன்று, அதே ஜெர்மனியின் டொயிற்ச வெல்லே நிறுவனம் 1980களிலிருந்து 2013 வரை எமது நிலாவெளிக்கு அருகேயே தன் அஞ்சல் நிலையத்தை நடத்திற்று. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அந்த உயர் கம்பங்களின் கதையை வேறொரு மலரில் எழுதலாம்.

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டும் ஹை-பை வழக்கம் இரண்டாம் உலகப் போரின் பின்னரே பரவிற்று. இங்கிலாந்திலே சுழலிக்கு ஒரு நிறுவனம், விரியலாக்கிக்கு ஒரு நிறுவனம், பெட்டிக்கு ஒரு நிறுவனம் எனக் கராட், குவாட், லீக், வாவ்டேல் முதலியன பெயர் பெற்றன. 1958இல் ஸ்ரீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தபின் அவ்வழக்கம் உறுதிப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடங்களோ வேறு வழியிற் சென்றன. பின்லாந்திலே 1978இல் தோன்றிய ஜெனலெக் போன்ற நிறுவனங்கள் அக்டிவ் பெட்டிகளையே அக்கூடங்களுக்குச் செய்தன. இன்று வீட்டுக்கு வருவது அக்கூடத்துக் கருவியின் பிள்ளையே.

வேறுபாட்டின் உயிர்நிலை ஒன்றே. அதனை எமது பௌதிகவியல் மாணவர் எளிதில் உணர்வர். பழைய முறையில் விரியலாக்கி தன் முழு வலுவையும் இரு கம்பிகளினூடாகப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டியினுள்ளே கம்பிச்சுருளும் கொள்ளளவியும் கொண்ட பிரிப்புச் சுற்றொன்று இருந்து, தாழ்ந்த மீடிறன்களைப் பெரிய கூம்புக்கும் உயர்ந்தவற்றைச் சிறிய குமிழுக்கும் பங்கிடும். வலு மிகுந்த ஓட்டத்தின்மேல் இப்பங்கீடு நடைபெறுவதாற் சுருளிலே சிறிது வலு வெப்பமாகிக் கழியும். அதுமட்டுமன்று. விரியலாக்கிக்கும் கூம்புக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் நிற்பதால், கூம்பின்மீது விரியலாக்கிக்குள்ள பிடி தளரும். தவிலின் தொப்பியில் விழுந்த அடி நின்றவுடன் தானும் நிற்க வேண்டிய கூம்பு சற்றே பிந்தி நிற்கும். பெட்டியின் முதுகில் 8 ஓம் என்று பொறித்திருந்தாலும், சில மீடிறன்களில் அது 5 ஓமுக்குக் கீழும் வேறு சிலவற்றில் 20 ஓமுக்கு மேலும் போவதுண்டு. விரியலாக்கி செய்தவர் எந்தப் பெட்டி தனக்கு வாய்க்கும் என்று அறியாமலே செய்கின்றார். பெட்டி செய்தவரும் அவ்வாறே. முகம் பாராத மணமக்கள்!

அக்டிவ் முறையில் ஒலிக்குறிப்பு வலுவிழந்த மெல்லிய நிலையில் இருக்கும்போதே பங்கிடப்படுகின்றது. பின்னர் பெரிய கூம்புக்கு ஒரு விரியலாக்கி, சிறிய குமிழுக்கு ஒரு விரியலாக்கி என நேரே பூட்டப்படுகின்றது. கூம்பின் குறை எங்கே, பெட்டியின் குறை எங்கே என்பதெல்லாம் செய்தவருக்கு முன்னரே தெரியுமாதலின், அக்குறைகளை ஈடுசெய்யும் திருத்தத்தையும் சுற்றிலேயே சேர்த்துவிடுகின்றார். முழங்கை நீளப் பெட்டியொன்று மிருதங்கத்தின் தொனியை ஆழ்ந்து ஒலிப்பது இத்திருத்தத்தினாலேயே.

எனவே, ஒரே விலைக்கு இரண்டையும் வாங்கி, கண்ணை மூடிச் செவியால் மட்டும் தீர்ப்புச் சொல்லும்படி எம்மைக் கேட்பின், பெரும்பாலும் அக்டிவ் சோடியையே நாம் கைகாட்டுவோம். இதனை மறைத்துப் பழமைக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது.

ஆனால் எமது அன்பர் கேட்பது தொறன்ரோவிலுள்ள தம் வீட்டுக்கன்று, நிலாவெளியிலுள்ள வீட்டுக்கு. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல். உப்புவெளி தாண்டிக் குச்சவெளி வரையும் காற்றே உப்புத்தான். வாடைக்காற்று வீசும் மாதங்களில் யன்னற் பிணைச்சலும் துவிச்சக்கர வண்டியின் கம்பியும் படும் பாட்டை யாமறிவோம். பெட்டியின் பின்னாலுள்ள செப்பு முனை ஒரு பருவத்திலே பச்சை பூக்கும். கச்சான் காலத்திலோ வெக்கை. விரியலாக்கிகளிலுள்ள மின்பகு கொள்ளளவி என்னும் உருளைகளுக்கு வெப்பமே கூற்றுவன். வெப்பநிலை 10 பாகை கூடுந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலார் கணக்கு. பழைய விரியலாக்கி மேசைமேற் காற்றாட இருக்கும். அக்டிவ் பெட்டியிலோ, அதே உருளைகள் மூடிய பேழைக்குள்ளே வெந்து, கூம்பு அதிரும்போதெல்லாம் தாமும் அதிர்ந்துகொண்டிருக்கும்.

எமது வீட்டு அனுபவம் ஒன்றை மறையாது சொல்லுகின்றோம். சில ஆண்டுகளின் முன்னர், புதுமையில் மயங்கி, அக்டிவ் சோடியொன்றை வாங்கி முன்னறையில் வைத்தோம். உண்மையிலேயே உள்ளம் உருகிற்று. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் தவிலைக் கேட்டபோது, பழைய பெட்டியிற் குழம்பிக் கிடந்த விரற்சொற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. இரண்டாவது வாடையிலே இடப்பக்கத்துப் பெட்டி ஊமையாயிற்று. திருத்துநரிடம் கொண்டுபோனோம். அவர் திறந்து பார்த்தார். விரியலாக்கியும் பங்கீடும் வலுவழங்கியும் ஒரே பலகையில் அடைந்து, அரிசியிலும் சிறிய உறுப்புகளாக ஒட்டியிருந்தன. பலகையை முழுதாக மாற்ற வேண்டும் என்றார். விற்ற இடத்திற் கேட்டதற்கு, அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்ற மறுமொழி கிடைத்தது. கூம்பும் குமிழும் நல்ல நிலையில் இருந்தும், பெட்டி முழுவதும் வீணாயிற்று. இன்று அதன்மேற் பூச்சாடி இருக்கின்றது. அவ்வாரமே பழைய ஜப்பானிய விரியலாக்கியை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்தோம். ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகரத்தது. ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டது. அதே திருத்துநர் ஒரு பிற்பகலில் குமிழைக் கழுவி, உருளைகள் நான்கை மாற்றி, நாற்பது வயதான அதனைப் பேசவைத்தார். தவிலின் விரற்சொற்கள் மறுபடியும் சற்றுக் குழம்பின என்பதும் மெய்யே. அந்த இழப்பை நாம் இன்றும் உணர்கின்றோம்.

மின்சாரத்தைப் பொறுத்தமட்டில் வழக்கு ஒரு பக்கமாகச் சாயவில்லை. பழைய கருவியின் பாரமான மாற்றி 230 வோல்ற்றை எதிர்பார்த்து நிற்கும். மாலையில் வோல்ற்றளவு தாழும்போது சோர்ந்துவிடும். இக்காலத்து அக்டிவ் பெட்டிகளுட் பல 100 முதல் 240 வோல்ற்று வரை எதனையும் ஏற்றுக்கொள்ளும். இஃது அவற்றின் நன்மை. மறுதலையாக, இரு பெட்டிக்கும் தனித்தனி மின்செருகி வேண்டும். நித்திரை நிலையிலும் அவை மின்னிணைப்பிலேயே கிடக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் வரும்போது இரண்டையும் ஓடிச்சென்று கழற்றுவது முதியோருக்கு இயலுமா? 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின்வெட்டிய காலத்தில் இரு கட்சியாரும் ஒன்றாகவே மௌனம் காத்தனர். பற்றரியிற் பேசும் சிறிய திரான்சிற்றர் வானொலிதான் அன்று வீட்டுக்குத் தலைவன்.

பழையதை உயர்த்துவதெனத் துணிந்தோர் செய்யும் முதற்பிழை, பெரிய விரியலாக்கியை வாங்குவது. 30 உவாற்றுக் கருவியைக் கழித்து 60 உவாற்றுக் கருவியை வைத்தாற் கூடுவது 3 டெசிபெல் மாத்திரமே. செவிக்கு அது சிறு வேறுபாடு. உரப்பு இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வலு வேண்டும். சாதாரணப் பெட்டியொன்று ஒரு உவாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல் அளவில் ஒலிக்கும். 16 உவாற்றுக் கொடுத்தால் 100 டெசிபெல். விறாந்தையிலிருந்து கேட்பதற்கு இதற்குமேல் வேண்டுமெனின், அது கோயிற்றிருவிழாவின் தேவை, வீட்டின் தேவையன்று. அடுத்த பிழை, தடித்த விலையுயர்ந்த கம்பி வாங்குவது. நான்கைந்து மீற்றர் தூரத்துக்கு, நல்ல செப்புக் கம்பி எதுவாயினும் போதும். அதன் முனையை ஆண்டுக்கொருமுறை அரத்தாள் கொண்டு துலக்கி இறுகப் பூட்டுவதே கம்பியின் விலையிலும் பெரிது.

பணம் செல்ல வேண்டியது ஒலிபெருக்கிக்கும் அறைக்கும். 1980களின் பெட்டிகளுட் பலவற்றிற் கூம்பின் விளிம்பைச் சுற்றிப் பஞ்சு போன்ற வளையம் உண்டு. எமது வெக்கையிலும் ஈரத்திலும் அஃது உக்கி உதிர்ந்துவிடும். பலர் அதனைக் கண்டு கூம்பே போயிற்றென்று எறிந்துவிடுகின்றனர். வளையத்தை மட்டும் வாங்கிப் பசையிட்டு ஒட்டினாற் கூம்பு மீண்டும் தொழிற்படும். இறப்பர் வளையமாயின் இன்னும் நெடுநாள் நிற்கும். பிரிப்புச் சுற்றிலுள்ள கொள்ளளவிகளையும் அவ்வேளையிலேயே மாற்றிவிடலாம். அதன் பின்னர் பெட்டிகளை மூலையிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, இருக்கையின் செவிமட்டத்துக்கு உயர்த்துக. சீமெந்துத் தரையும் வெறுஞ் சுவருமான எமது அறைகளில் ஒலி பந்தெனத் தெறிக்கும். தரையிலே பன்பாயொன்று, யன்னலிலே தடித்த சீலையொன்று போதும். இம்மாற்றத்தைக் காசு செலவின்றிச் செய்து பார்த்தவர், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்ததைக் கண்டுகொள்வர்.

பழைய கருவியை நாள்தோறும் பாடவைப்பதும் ஒரு மருந்து. உள்ளே எழும் இளஞ்சூடே ஈரத்தை விரட்டும். துணியாற் போர்த்து, பண்டிகைக்கு மட்டும் திறக்கும் வீட்டிலேதான் அது முந்திச் சாகின்றது.

இவ்வாறெல்லாம் கூறுவதால் அக்டிவ் பெட்டியை எவரும் வாங்கலாகாதென்பது எமது கருத்தன்று. வீட்டிற் பழைய கருவி எதுவுமின்றி, கைத்தொலைபேசியிலுள்ள பாட்டை நன்றாகக் கேட்க விரும்பும் இளைஞருக்கும், மாடிவீட்டின் சிற்றறையில் வாழ்வோருக்கும் அதுவே ஏற்றது. சுழலி, விரியலாக்கி, பெட்டி எனத் தேடித் திரிந்து பொருத்தும் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதன்று. அதனைக் குறையென்பதும் தவறு. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் அக்டிவ் என்று விற்கப்படுவனவற்றுட் பல மெய்யான அக்டிவ் அல்ல. ஒரு பெட்டிக்குள்ளே சாதாரண விரியலாக்கியை வைத்து, மற்றப் பெட்டிக்கு இரு கம்பியால் இணைத்திருப்பர். பழைய பிரிப்புச் சுற்றே உள்ளே இருக்கும். அங்ஙனமாயின், அக்டிவ் முறையின் நன்மை எதுவுமின்றி அதன் தீமை முழுவதையும் விலைக்கு வாங்கியவராவோம். கூம்பு ஒவ்வொன்றுக்கும் தனி விரியலாக்கி உண்டோ என விற்பவரைக் கேட்டு அறிக. அவருக்கு அது தெரியாதாயின் அக்கடையைவிட்டு வருக.

பழம் பதிவுகளை நேசிப்போருக்கு ஓர் இடைக்குறிப்பு. இராஜரத்தினம் பிள்ளை அவர்களின் நாதஸ்வரம் 78 சுழற்சித் தட்டுகளிற் பதிவான காலத்திலே உயர்ந்த மீடிறன்கள் பெரும்பாலும் தட்டில் ஏறவேயில்லை. தட்டில் இல்லாததை எந்தப் பெட்டியும் தரமாட்டாது. நுணுக்கம் மிக்க புதிய பெட்டி அங்கே தட்டின் கீறலையும் இரைச்சலையும் முன்னே கொண்டுவந்து நிறுத்தும். மென்மையான பழைய பெட்டி அவற்றை மூடித் தோடியை மட்டும் தரும். எமது வீட்டிற் பெரியவர் ஒருவர் புதிய பெட்டியிற் சிறிது கேட்டுவிட்டு, “தம்பி, மழை பெய்யுதோ?” என வினவினார்.

எம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. பழைய விரியலாக்கியின் மூடியைத் திறந்தால் மாற்றி இது, திரான்சிற்றர் இது, கொள்ளளவி இது எனக் கைகாட்டிச் சொல்லலாம். எமது மாணவர் பாடநூலிற் கோடாகக் காணும் சுற்று அங்கே உருவாக இருக்கின்றது. ஈயம் ஒட்டப் பழகிய இரு மாணவர் ஊரில் இருந்தால் இருபது வீட்டுக் கருவிகள் பிழைக்கும். மூடிய பலகையோ அவர்களுக்கு எதனையும் கற்பிக்காது; அது பழுதானால் எறிவதும் புதிதைக் கடல் கடந்து வருவிப்பதுமே வழி. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது அந்த வழி எத்துணை விரைவாக அடைபட்டதென்பதைக் கண்டோம். ஆதலின், வீட்டாருக்குத் தேவையில்லாத பழைய விரியலாக்கிகளைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுப்பதிலும் கல்லூரியின் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தல் நன்று. மாணவர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: மின்செருகியைக் கழற்றிய பின்னரும் பெரிய உருளைகள் சிறிது நேரம் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும், ஆசிரியர் அருகிலின்றித் தொடற்க.

ஆவணியில் ஊர் வரும் அன்பர்கள் பெட்டியொன்றைச் சுமந்து வருவதற்குப் பதிலாக, கொள்ளளவிப் பொதியொன்றையும் கூம்பு வளையம் நான்கையும் கொண்டு வருவார்களாக; பயணப்பையில் அவை ஒரு மூலைக்கும் காணா. அவ்வாறு செய்ய நினைப்போர் இம்முறை திரும்பிச் செல்லுமுன் பெட்டியின் முன்துணியைக் கழற்றி, கூம்பின் குறுக்களவையும் வளையத்தின் அகலத்தையும் மில்லிமீற்றரிற் குறித்துக்கொண்டு போகட்டும். அங்கிருந்து அளவு கேட்டு எழுதினால், கண் மங்கிய தந்தையார்தாம் அடிமட்டத்தோடு குனிய வேண்டியிருக்கும்.